நீளத் தகடு

ஈயம் வைத்துப் பற்றவைத்த இயர்போனின் இரண்டு ஒயர்களும் ஆடவில்லை. ஒயர் முனையில் இருந்த புது ஜாக்கை மகள் அப்பாவின் காது மிஷினில் செருகினாள். இயர்போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு மைக்கை நகத்தால் சுரண்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

இது நாலாவது தடவை.

அப்பாவுக்கு வலது காது மட்டும், அதுவும் சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தப் பெட்டி இருந்தால்தான் கேட்கும். நேற்று அம்மாவின் கட்டிலை நகர்த்தியபோது ஒயர் சிக்கிப் பழைய ஜாக் பிய்ந்துவிட்டது. இன்று அம்மாவின் குரல் வெறும் காற்றாகியிருந்தது. பொழுது சாயும் வரை தாங்கினால் பெரிது என்று அண்ணனிடம் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காலையிலிருந்து அம்மா அப்பாவிடம் எதையோ சொல்லப் பார்க்கிறாள். அவர் குனிந்து, உதட்டைப் பார்த்து, தெரியாமல் தலையாட்டுகிறார். என்னிடம் சொல்லம்மா, அப்பாவிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்று இவள் கேட்டும் பார்த்தாள்.

"உன்கிட்ட இல்லடி. அவர்கிட்ட."

அண்ணன் வாசற்படியில் வந்து நின்றான்.

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் கரண்டு பாடம் எடுக்கிற. ரெண்டு ஒயரு மாட்ட முடியலையா டீச்சரு?"

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அம்மா பக்கத்தில் போய் உட்காரச் சொல்லி அவனை அனுப்பினாள்.

இயர்போன் நன்றாக இருக்கிறது, ஒயர் அறுந்திருக்கவில்லை என்று மல்டிமீட்டர் சொல்லியிருந்தது. ஜாக்கை மட்டும் அவள் அளக்கவில்லை. பார்த்தாலே தெரிகிறதே என்று விட்டிருந்தாள்: உள்ளே இரண்டு சின்னத் தகடுகள்; ஒயரும் இரண்டு. ஒயரைக் கவ்விக்கொள்ளும் நீளத் தகடு வெறும் பிடி.

தொடர்பு இருந்தால் பீப் என்னும் மீட்டரின் ஒரு முள்ளைச் சின்னத் தகட்டில் வைத்து, மற்றதால் ஜாக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுக்கொண்டே வந்தாள். நுனியில் பீப் என்றது. அடுத்த சின்னத் தகட்டுக்கு நடு வளையத்தில். நீளத் தகட்டில் வைத்தாள். நுனியில் இல்லை, வளையத்தில் இல்லை. அடிப்பகுதியைத் தொட்டதும் பீப்.

பிடி இல்லை அது. மூன்றாவது முனை.

பெட்டியில் மைக் ஒன்றுதான். அதே ஒலியைத்தான் நுனிக்கும் அனுப்பும், வளையத்துக்கும் அனுப்பும். ஒரே மட்டத்தில் நிற்கும் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே குழாய் போட்டிருக்கிறாள். தண்ணீர் எப்படி ஓடும்? திரும்பி வரும் வழி அந்த நீளத் தகடு.

ஒரு ஒயரைச் சூடாக்கிக் கழற்றி, அங்கே வைத்துப் பற்றவைத்தாள். நகத்தால் சுரண்டியதும் காதுக்குள் இடி இடித்தது.

அப்பா காதில் மாட்டிக்கொண்டு, பெட்டியை அம்மாவின் வாயருகே பிடித்தார். அண்ணனை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அம்மாவின் குரல் கதவைத் தாண்டி வரவில்லை. காது கேளாதவர் பேச்சு மட்டும் சத்தமாக வந்தது.

"ஆமா."

வெகுநேரம் கழித்து, "எனக்குத் தெரியும்டி, அப்பவே தெரியும்."

பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு, "என்னது? திரும்பச் சொல்லு." மறுபடியும், "திரும்பச் சொல்லு."

உள்ளேயிருந்து கீச்சென்று மெல்லிய விசில் கிளம்பியது, நிற்கவில்லை. அம்மா சொல்வது கேட்காமல் அப்பா சத்தத்தைக் கடைசிவரை திருகியிருக்க வேண்டும். அப்படித் திருகினால், காதிலிருந்து கசிவது மைக்கிலேயே போய் விழுந்து அப்படித்தான் கூவும். அப்பாவுக்கு அது கேட்காது.

"மறுபடி கெட்டுப்போச்சா?" என்றான் அண்ணன்.

"இல்லண்ணே. ஒரு ஒயர் சின்னத் தகட்டுல, இன்னொண்ணு நீளத் தகட்டுல. சரியாத்தான் வேலை செய்யுது."