சத்தம் குறைந்த பெட்டி

கடைக்காரன் கண்ணாடி மேசையில் இரண்டு சின்னப் பெட்டிகளை அருகருகே வைத்தான். சோப்புக்கட்டி அளவுகூட இல்லை. ஆனாலும் தவம் மேசையிலிருந்து ஓரடி தள்ளியே நின்றார்.

"சொல்லுங்கோ அண்ணை, எதை எடுப்பம்?" என்றார் நொயல். கேட்ட விதத்தில் ஒரு பணிவு இருந்தது. சிட்னியின் மெரிலேண்ட்ஸில் பாதி பஸ் தரிப்பிட வாங்கு விளம்பரங்களில் 'உங்கள் கனவு வீட்டுக்கு' என்று பல் தெரியச் சிரிக்கும் முகம் நொயலுடையது. அந்த முகம் இன்னொருவரிடம் இப்படிப் பணிந்து கேட்டதை அவருடைய மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டார். எட்டு மாதங்களுக்கு முன் துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்து, சோதனைகளெல்லாம் தாண்டி, உள்ளங்கைக்குச் சற்றே பெரிய ஒரு பிஸ்டலுக்குச் சொந்தக்காரராகியிருந்தார் நொயல். அதற்குக் குண்டு தெரிவுசெய்ய அனுபவசாலி ஒருவர் வேண்டியிருந்தது. வருகிற ஆவணியில் அவருக்குச் சம்பந்தியாகப்போகும் தவத்தை விட்டால் வேறு யார்?

கடைக்காரன் விளக்கினான். இது வழக்கமான நாற்பது கிறெயின் எடைக் குண்டு, எல்லாரும் வாங்குவது. மற்றது அறுபது கிறெயின். நீளமான, பாரமான குண்டு, மெதுவாகப் போகும். இந்தக் குட்டைக் குழலில் அது போதிய அளவு சுழலாமல் குறுக்காகத் திரும்பிப் போகக்கூடும், சுட்டபின் மிஞ்சும் வெற்றுக் கோதைச் சரியாக வெளியே தள்ளாமல் சிக்கவும் கூடும். ஒன்று மட்டும் சொல்லலாம், அதற்குச் சத்தம் குறைவு.

தவத்தின் காதில் விழுந்தவை அந்தக் கடைசிச் சொற்கள் மட்டும்தான். புதுவருஷ இரவில் சிட்னி முழுவதும் வாணவேடிக்கை பார்க்க அண்ணாந்து நிற்கும்போது, அவர் குளியலறைக்குள் கதவைப் பூட்டி, காற்றாடியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே மனைவி பவளராணி, "இவருக்கு வயித்துக்குள்ள சரியில்லை" என்று விருந்தினருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். வருஷாவருஷம் அதே திகதியில் வருகிற வயிற்றுக் கோளாறு.

"பாரமானதுதான்," என்றார் தவம். குரல் தன்னுடையதுபோலவே இல்லை. "வேகமாப் போறதெல்லாம் விளையாட்டுச் சாமான். மெதுவாப் போறதைத்தான் நம்பலாம்."

"கேட்டியோ?" என்று நொயல் கடைக்காரனிடம் தமிழிலேயே சொன்னார். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பாரமான பெட்டியை முன்னால் தள்ளினான்.

உண்மை என்னவென்றால், எண்பத்தாறில், ஊரில், பதினெட்டு வயதில், தவம் சில கிழமைகள் வீடு வீடாகச் சோற்றுப் பார்சல் சேர்த்து இயக்கப் பெடியளின் முகாமுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒருநாள் ஒருவன் கை கழுவப் போகும்போது தன் துவக்கைச் சைக்கிளில் சாத்திவிட்டுப் போனான். அவன் திரும்பி வரும்வரை தவம் மூச்சைப் பிடித்தபடி சைக்கிளை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய போராட்ட வரலாறு அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவுக்கு வந்தபோது அதிகாரிகளிடம், ஆயுதத்தைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்து சொன்னார். அது சத்தியமான உண்மை. பிறகு ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ கேட்டபோது, "அவங்களோட கொஞ்சக் காலம் நிண்டனான்" என்றார். அதுவும் பெரிய பொய் இல்லை. ஆனால் விழாக்கள் நிற்கவில்லை, கிளாஸ்களும் காலியாகவில்லை. முப்பது வருஷத்தில், சைக்கிளில் சாய்ந்திருந்த துவக்கு மெல்ல மெல்ல அவருடைய தோளில் ஏறிவிட்டது. உண்மை அரசாங்கத்திடமும் பொய் சனத்திடமும் பத்திரமாக இருந்தன. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்ததே இல்லை.

அந்தப் பொய்யின் மேல்தான் இப்போது கல்யாணம் நின்றது. தவத்தின் மகள் அக்ஷராவும் நொயலின் மகன் அனோஜும் விரும்பியபோது, சைவப் பெட்டை வேண்டாமென்று கிறிஸ்தவர்களான நொயலின் சொந்தக்காரர்கள் மாதா கோயில் வாசலிலேயே சண்டை பிடித்தார்கள். நொயல்தான் எல்லாரையும் அடக்கினார். "அந்தாள் துவக்குத் தூக்கின மனுசன். அப்பிடி ஒரு குடும்பத்தில பெண் எடுக்க நாங்கள் குடுத்து வைச்சிருக்கவேணும்." படிக்க வந்த இடத்தில் காணி விற்றுப் பெரிய ஆளாகிவிட்ட நொயலுக்கு, தான் பார்க்காத யுத்தத்தின் மேல் ஒரு பக்தி.

கழகத்துக்குப் போகும் வழியில் நொயல் ஒற்றைக் கையால் காரை ஓட்டிக்கொண்டு, மற்றக் கையால் புதிதாக வாங்கிய காதுமூடியைக் காட்டினார். "இது வேற லெவல் சாமான் அண்ணை. வெடிச் சத்தத்தை மட்டும் வெட்டிப்போடும். ஆக்கள் குசுகுசுத்தாக்கூடக் கேட்கும். இஞ்ச பாருங்கோ, பச்சை லைற் எரிஞ்சா ஓன், வேலை செய்யுது."

"நல்லது," என்றார் தவம். அந்தப் பெட்டி அவருடைய மடியில் இருந்தது. வேகத்தடையில் கார் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் ஏதோ புரண்டு படுப்பதுபோல் இருந்தது.

கழகத்தில் இருந்தவர்கள் பழைய காற்சட்டையோடு நிற்க, நொயல் மட்டும் பதின்மூன்று பொக்கற் வைத்த மேற்சட்டை போட்டிருந்தார். எல்லாம் வெறும் பொக்கற். தவத்துக்குக் கழகத்தின் பழைய காதுமூடி ஒன்றைக் கொடுத்தார்கள். நொயலின் பிஸ்டல் உண்மையிலேயே மெதுவாகத்தான் இருமியது. ஆனால் பக்கத்துத் தடங்களில் நின்றவர்கள் யாரும் சம்பந்தி பார்த்து எடுத்துக் கொடுத்த குண்டோடு வரவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் தவம் காதுமூடியை இன்னும் இறுக்கி அழுத்தினார். நாக்கில் செம்புக் காசின் ருசி. ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. ஓடினால், கார்த் திறப்பு நொயலிடம்.

சுடுவதை எல்லாரும் நிறுத்தியதும் இலக்குக் கடதாசியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஓட்டைகள் வட்டமாக இல்லை. ஒவ்வொன்றும் குண்டு படுத்துக்கொண்டு நுழைந்ததுபோல், சாவித் துவாரம்போல் நீளமாகக் கிழிந்திருந்தது. இதோ, பிடிபட்டாயிற்று என்று நினைத்தார் தவம்.

"அண்ணை!" நொயலின் கண்கள் பளபளத்தன. "சும்மா குண்டெண்டா ஊசி குத்தின மாதிரிப் போகும். இது கிழிச்சுக்கொண்டல்லோ போகுது! இதைத்தான் நீங்கள் அங்க பாவிச்சனீங்களோ?"

தவம் தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

மேற்பார்வை செய்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு அறுபது தாண்டியிருக்கும். கடதாசியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். குண்டு குறுக்காகப் போகிறது, இன்றைக்குப் பரவாயில்லை, இனிமேல் இதைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யார் தெரிவுசெய்தது என்று கேட்டார்.

"மை ஃபிரெண்ட்," என்றார் நொயல், நெஞ்சை நிமிர்த்தி. "எக்ஸ் ஃபைற்றர்!" பிறகு தவத்திடம், "இப்ப நீங்கள், அண்ணை. அனோஜுக்கு அனுப்பவேணும்," என்று போனைத் தூக்கிக்கொண்டு மூன்றடி பின்னால் போய் நின்றார்.

அந்தப் பெண்மணி தவத்தை தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் அருகே கூட்டிப்போனார். எல்லாரும் காதுமூடியை மாட்டிக்கொண்டார்கள். அவர் தவத்தின் காதுமூடியை ஒரு பக்கம் விலக்கி, அப்பட்டமாகக் கேட்டார்: முன்பு எப்போதாவது ஆயுதம் கையாண்டிருக்கிறீர்களா?

உண்மையும் பொய்யும் கடைசியில் ஒரே கோட்டில் வந்து நின்றன. தவம் திரும்பிப் பார்த்தார். நொயலின் காது இரண்டும் மூடியிருந்தன.

"நோ," என்றார், உதடு அசையாமல். "நெவர். ஐ ஒன்லி கேரீட் ரைஸ்."

அந்தப் பெண்மணி ஆச்சரியப்படவில்லை. தவத்தின் மணிக்கட்டைத் தன் உலர்ந்த கையால் பிடித்து நேராக்கினார். பிஸ்டல் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. முனையில் இருந்த குறி தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடியது. தவம் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

சொன்னபடியே சின்னச் சத்தம்தான். கண்ணைத் திறந்தபோது, வெற்றுக் கோது வெளியே வராமல் பிஸ்டலின் முதுகில் செங்குத்தாகச் செருகிக்கொண்டு நின்றது.

"டோன்ற் மூவ்," என்றார் பெண்மணி. "விரலை எடுங்கள். அப்படியே முன்னுக்குப் பிடியுங்கள்."

அசையாமல் நிற்க மட்டும் தவத்துக்குத் தெரியும். அன்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல, இரண்டு கையையும் நீட்டி, மூச்சை அடக்கி நின்றார். வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது. எங்கோ தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு, குறி தவறாத ஒரு பழைய போராளிபோலத்தான் தெரிந்திருக்கும். கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் நொயலின் பக்கம் உருட்டினார்.

நொயல் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் தரிப்பிட வாங்கில் இருக்கும் அதே சிரிப்பு, அதே பல். அவருடைய வலது காதுமூடியின் ஓரத்தில், கடுகளவில், பச்சை லைற் எரிந்துகொண்டிருந்தது.