எடை சரியாக இருந்த இறக்கை

மாகறல் மகளிர் குழுவின் மருந்து தெளிக்கும் ட்ரோன் செவ்வாய்க்கிழமை காலையில் நீலாம்பாளின் வயலோரப் பனைமட்டையில் உரசியது. விழவில்லை. அதை ஓட்டிய தீபிகா இறக்கிப் பார்த்தபோது, ட்ரோனின் ஆறு கைகளில் ஒன்றில் இருந்த ஜோடி இறக்கைகளில் ஒன்று அடிப்பக்கம் கீறல் விட்டிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் அந்த இடத்தில் நகம் நின்றது. மருந்து அதுவரை ஒரு சொட்டும் தெளிக்கவில்லை.

மாற்று ஜோடி வர நான்கு நாள் ஆகும் என்று போனில் சொன்னார்கள்.

நீலாம்பாளுக்கு இருப்பது அந்த முக்கால் ஏக்கர்தான். அதில் இருந்த நெல்லில் புகையான் பூச்சி விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தட்டு அளவு காய்ந்திருந்த இடம் இப்போது பாய் அளவு இருந்தது. கையால் தெளிக்கிறவர்கள் எல்லாரும் கம்பெனி வேலைக்கு வேன் ஏறிப் போய்விட்டார்கள். அவளுக்கோ முழங்கால் மடங்காது.

"ஒட்டினா ஆவாதா?" என்று கேட்டாள்.

"கீறல் உட்டா ஜோடியாவே மாத்தணும் பெரிம்மா. ட்ரெய்னிங்ல அப்டிதான் சொன்னாங்க."

"ட்ரெய்னிங் குடுத்தவங்க என் வயல வந்து பாத்தாங்களா?"

தீபிகா அந்த ஜோடி இறக்கைகளைக் கழற்றினாள். ட்ரோனை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள். நீலாம்பாளும் பின்னாலேயே வந்தாள்.

வேல்முருகன் தறியில் இருந்தான். மனைவி கையில் இருந்ததை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க? நான் கட்டித் தரேன்."

கீறலில் பசை விட்டு, சிவப்புப் பட்டு நூலை இழை மேல் இழை ஏறாமல் இறுக்கிச் சுற்றினான். அதன் மேல் மறுபடி பசை தடவினான். காய்ந்ததும் சரிகை நிறுக்கும் தராசில் இரண்டு இறக்கைகளையும் வைத்தான். கட்டுப்போட்டது இரண்டு கிராம் கூடுதல். அதே அளவு நூலும் பசையும் நல்ல இறக்கையின் நுனியில் ஏற்றினான். மெல்லிய இடம், சுற்ற வசதியாக இருந்தது. முள் நடுவில் நின்றது.

முதலாளி நிறுத்துக் கொடுக்கும் பட்டும் சரிகையும் சேலையாகத் திரும்பும்போது அதே எடை இருக்க வேண்டும். இருந்தால் வேலையில் குறை இல்லை. பதினெட்டு வருடமாக அவன் அப்படித்தான் பார்த்து வருகிறான்.

"பாரு, ஒரு பொட்டு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

தீபிகா வாசலில் நின்ற ட்ரோனில் இறக்கைகளை மாட்டினாள். மற்ற இருவரையும் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னாள். அதிர்வைப் பார்க்க மருந்துத் தொட்டியின் மூடி மேல் டம்ளரில் தண்ணீர் வைத்து, தானும் சுவருக்குப் பின்னால் வந்து, குறைந்த வேகத்தில் அந்த ஒரு கையை மட்டும் சுழலவிட்டாள். தண்ணீர் துள்ளி வெளியே விழுந்தது. டம்ளரும் விழுந்தது.

"எடை சரியாதானே இருக்குது?" என்றான் வேல்முருகன்.

"எடை சரிதான். ஒண்ணுல அடியில இருக்குது, இன்னொண்ணுல நுனியில இருக்குது."

அவன் இறக்கைகளைக் கழற்றினான். பிறகு நுனி நூலை அறுத்தெடுத்து, மற்றதில் இருப்பதுபோல அடிப்பக்கத்தில் சுற்றினான். மறுபடி மாட்டிச் சுழலவிட்டபோது டம்ளர் தண்ணீர் லேசாகச் சுளித்து நின்றது.

நீலாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "கெளம்புமா. அரை மணி நேர வேலை."

தீபிகா ட்ரோனை நிறுத்திவிட்டு, கட்டின் மேல் விரலை ஓட்டினாள். வழுவழுவென்று இருந்தது. நகம் எங்கும் நிற்கவில்லை.

"பத்து லிட்டர் மருந்தத் தூக்கும்போது உள்ள இருக்கற கீறல் வளந்தா நமக்கு எப்டித் தெரியும்?"

வேல்முருகன் யோசித்துவிட்டு, "நூல அவுத்தாதான் தெரியும்" என்றான்.

"பறக்கும்போது எங்க அவுக்கறது? பக்கத்து வயல்ல ஏழு பேர் களை எடுத்துக்கினு இருக்காங்க."

"அவங்கள கரை மேல ஏறிக்கச் சொல்றேன். ஒரே ஒரு வாட்டி ஓட்டுமா" என்றாள் நீலாம்பாள். "எனக்கு இது போனா அடுத்த வருசம் வரிக்கும் ஒண்ணும் இல்ல. உனக்குத் தெரியாததா?"

தீபிகாவுக்குத் தெரியும். ட்ரோன் ஓட்டும் நிலையில் இருந்தால் நீலாம்பாள் இன்னொரு முறை கேட்பாள் என்பதும், அப்போது தான் ஓட்டிவிடுவோம் என்பதும் தெரிந்தது. கீறல் விட்ட இறக்கையைக் கழற்றினாள். வாசல் கல்லில் சாய்த்து வைத்து மிதித்தாள். அது கட்டின் நடுவிலேயே முறிந்தது.

முறிந்த இடத்தை மூவரும் பார்த்தார்கள். கீறல் வளர்ந்திருந்ததா, இப்போதுதான் உடைந்ததா என்று தெரியவில்லை. பசை எல்லாவற்றையும் மூடியிருந்தது.

"நல்லா இருந்ததப் போட்டு ஒடச்சிட்டியே" என்றாள் நீலாம்பாள். வேல்முருகன் உள்ளே தறிக்குப் போனான்.

தீபிகா பக்கத்துத் தெரு பரமசிவம் வீட்டுக்குப் போய் முதுகில் மாட்டும் தெளிப்பானைக் கேட்டு வாங்கினாள். அவள் அதைத் தூக்கி நான்கு வருடம் இருக்கும். குழுவில் அவளுக்கு பைலட் என்றே பெயர். பைலட் சீருடையான கரும்பச்சைச் சட்டைக்கு மேல் தெளிப்பானின் வாரை மாட்டிக்கொண்டு வரப்பில் வந்தபோது, களை எடுத்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"இன்னாமா பைலட்டு, டீசல் தீந்துபோச்சா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். தீபிகா சேற்றில் இறங்கினாள். மூன்றாவது தொட்டி போடும்போது தறியை விட்டு வந்த வேல்முருகன் இன்னொரு தெளிப்பானோடு எதிர் வரப்பிலிருந்து இறங்கினான். நீலாம்பாள் வரப்பில் உட்கார்ந்து மருந்து கலந்து கொடுத்தாள்.

மூன்று மணிக்கு அவளே சொன்னாள்: "மேல அடிக்காதமா. தூருலதான் பூச்சி இருக்குது. இலைய ஒதுக்கிட்டு கீழ அடி."

தீபிகா குனிந்து இலையை ஒதுக்கினாள். தண்டு முழுவதும் பூச்சி பழுப்பாக மொய்த்திருந்தது. இன்னும் அரை ஏக்கர் மீதி இருந்தது.