கணுக்கால் கிண்ணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த ஷூவைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. பைக் ஓட்டுகிறவன் கால் பூட்ஸில் இருக்க வேண்டும். அது முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரை ஏறி நிற்க வேண்டும், மூன்று பக்கிள் இருக்க வேண்டும், நடந்தால் நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் விற்றேன். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை எல்லாம் கடையில் உண்டு. ஆனாலும் ஊரில் எனக்குப் பெயர் பூட்ஸ்காரர்தான்.

என் மகள் இரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று கடைக்கே வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாவது மாதம் ஒரு பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தாள். பார்த்தால் காலேஜ் பிள்ளைகள் போடுகிற சாதாரண ஸ்னீக்கர். சாம்பல் நிறத் துணி, வெள்ளை அடிப்பாகம். பைக் ஓட்டுவதற்கென்றே செய்தது என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவள் கோபப்படவில்லை. அடிப்பாகத்தை முறுக்கிக் காட்டினாள், முறுக முடியவில்லை. லேஸ் கியர் லீவரில் மாட்டாமல் இருக்க ஒரு எலாஸ்டிக் பட்டை. உள்துணியில் கணுக்காலின் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு கீறல் வாய், அதற்குள் கெட்டி பிளாஸ்டிக்கில் ஒரு கிண்ணம். கணுக்கால் எலும்பு அந்தக் கிண்ணத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது, போட்டுக்கொண்டாலும் உறுத்தாது.

"உங்க பூட்ஸ் நல்ல பூட்ஸ்தான்பா. ஆனா அதைப் போட்டுக்கிட்டு யாரும் ஆபீஸ்ல நாள் பூரா உக்கார மாட்டாங்க. அதனால அதை வீட்டுல வச்சிட்டு செருப்போட ஓட்டறாங்க. வீட்டுல இருக்கிற பூட்ஸைவிட கால்ல இருக்கிற ஷூ மேல் இல்லையா?" என்றாள்.

பதில் தெரியாதவனுக்குத்தான் கோபம் அதிகம் வரும். கத்தினேன். என் மனைவி இடையில் புகுந்து, தோளுக்கு மேலே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு அலமாரி விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டாள். ஆறு மாதம் பார்க்கலாம் என்று, வாசலை ஒட்டிய இடதுபக்க அலமாரியைக் கொடுத்தேன். விற்காது என்ற நம்பிக்கையில் கொடுத்தது அது.

விற்றது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் மகள் வயதுப் பிள்ளைகள் உள்ளே வருவார்கள், பேச விருப்பமில்லாத சொந்தக்காரரைத் தாண்டிப்போவதுபோல என் பூட்ஸ் வரிசையைத் தாண்டிப்போய் அந்த அலமாரி முன்னால் நிற்பார்கள். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்களே, அந்த ஷூ எனக்கு அப்படி ஆகிவிட்டது. அட்டைப்பெட்டியின் நிறம்கூடப் பிடிக்கவில்லை.

அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில் யாராவது அந்த ஷூவைக் கையில் எடுத்தால் நான் ஒரு வித்தை காட்டுவேன். காட்சிக்கு வைத்த ஏழாம் நம்பர் ஜோடியை எடுத்து, கீறல் வாய்க்குள் விரலை விட்டுக் கிண்ணத்தை உருவி மேஜையில் டக்கென்று வைப்பேன். "இதுதாங்க உங்க கணுக்காலுக்குக் காவல். மாத்திரை டப்பா மூடி." பாதிப்பேர் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் என் பூட்ஸ் பக்கம் திரும்புவார்கள். உருவுவது சுலபம். திரும்பச் செருகுவதற்குத்தான் உயிர் போகும். வாய் சின்னது, என் விரல் தடிமன். நாலாவது தடவைக்குப் பிறகு செருகுவதையே விட்டுவிட்டேன். அந்த ஜோடியின் நாலு கிண்ணமும் என் மேஜை டிராயரிலேயே கிடந்தன. கையில் ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு, ஷூவிலிருந்து எடுப்பதுபோல எடுத்துக் காட்டினேன். வயது ஐம்பத்தெட்டு எனக்கு.

ஏழாம் நம்பர் என் மகளின் அளவு. அது எனக்குத் தெரியும். கடையில் யாருடைய கால் அளவும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. அவளுடைய ஷூ நனைந்து ஊறிப்போயிருந்தது. மறுநாள் காலையில் ஒரு வாடிக்கையாளருக்கு ஜாக்கெட் அளவு மாற்றிக் கொடுக்கக் கிளம்பினாள். "அப்பா, டிஸ்ப்ளே ஜோடியைப் போட்டுக்கிறேன், என்னோடது ஈரமா இருக்கு" என்றாள். நான் பெரிய தலைக்காரர் ஒருவருக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டு, கழற்ற முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ம் என்றேன். பைக் சத்தம் தெரு திரும்பும் வரை கேட்டது.

கால் மணி நேரம் கழித்து அளவு நாடா எடுக்க டிராயரைத் திறந்தேன். நாலு கிண்ணமும் உருண்டு முன்னால் வந்தன.

போனை எடுத்தேன். அவள் எண்ணைத் திரையில் கொண்டுவந்துவிட்டேன். அழுத்தப்போகும்போது யோசனை வந்தது. கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஏன் கழற்றினீர்கள் என்பாள். எத்தனை நாளாக என்பாள். யாரிடமெல்லாம் காட்டினீர்கள் என்பாள். போகிற தூரம் என்னவோ மூன்று கிலோமீட்டர், என்னைவிட நன்றாக ஓட்டுகிறவள், வந்ததும் அவளுக்குத் தெரியாமல் செருகிவைத்துவிடலாம். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இருபது நிமிஷத்தில் வேறு ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, தெருத் திருப்பத்தில் நின்றிருந்த வேனின் கதவை யாரோ பார்க்காமல் திறந்திருக்கிறார்கள். பெரிய வேகமில்லை. பிரேக் பிடித்ததில் வண்டி இடதுபக்கம் சாய்ந்து காலின் மேல் விழுந்தது. ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கையுறையும் தங்கள் வேலையைச் செய்திருந்தன. மேலே ஒரு கீறல் இல்லை. இடது கணுக்கால் மட்டும் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்து ஆறு திருகு போட்டார்கள். நடப்பாள், ஆனால் பாதம் பழையபடி மேலே மடங்காது, கியரைத் தூக்குவது கஷ்டம் என்றார் டாக்டர்.

வராந்தாவில் அவரைத் தனியாகப் பிடித்து, ஷூவுக்குள் கெட்டியாக ஏதாவது இருந்திருந்தால் என்று கேட்டேன். உடையாமலும் போயிருக்கலாம், அப்போதும் உடைந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் அவள் ஷூவை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். ரத்தக்கறை, பார்த்தால் பிள்ளை பயந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லி, வழியில் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டேன்.

மூன்றாம் நாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் தலையணை மேல் இருந்தது. அம்மா கான்டீனுக்குப் போகும் வரை காத்திருந்து என் கையைப் பிடித்தாள்.

"நீங்க சொன்னதுதான்பா சரி. அந்தக் கிண்ணம் தாங்கவே இல்லை. உங்க அனுபவத்தை மதிக்காம கடையில உங்களோட வாதாடினேன். மன்னிச்சிடுங்கப்பா."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆறு மாதமாக நான் ஏங்கிக்கிடந்த பார்வை அது. தலையைத் தடவிக்கொடுத்தேன். "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். பெரிய மனிதனாட்டம் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அலமாரியைக் காலி செய்யச் சொன்னதும் அவள்தான். மிச்சமிருந்த ஜோடிகளைத் திருப்பியனுப்பிவிட்டு அந்த இடத்தில் பூட்ஸை அடுக்கினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், குறுகுறுத்தது, ஆனாலும் அடுக்கினேன். ஒருநாள் ஓர் இளைஞன் வந்து அந்த மாதிரி ஷூ இல்லையா என்று கேட்டான். எங்கள் வீட்டிலேயே பட்டுவிட்டோம் தம்பி என்றேன். அவன் முகம் மாறி, ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனான். அவன் போனபிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் மனைவி என்ன உடம்புக்கு என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

நாலு மாதம் ஆயிற்று. அவள் கம்பு இல்லாமல் நடக்க ஆரம்பித்தாள், மாடிப்படி இறங்கும்போது மட்டும் பக்கவாட்டில் இறங்குவாள். பைக் மூடி போட்டுக் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் போனை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். பைக் ஓட்டும் பெண்கள் குழு ஒன்று இருக்கிறது, இருநூறு பேருக்கு மேல். அவள் பேச்சைக் கேட்டு அந்த ஷூவை வாங்கியவர்கள் அதில் முப்பது பேராவது இருப்பார்கள். அவர்களை எச்சரிக்காமல் இருப்பது பாவம் என்றாள். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் பரிந்துரைத்தது தவறு, கிண்ணம் தாங்கவில்லை, வாங்கியவர்கள் தூக்கிப்போட்டுவிடுங்கள் என்று போனது. கடைசி வரி, எங்கள் அப்பா சொன்னதைக் கேட்டிருந்தால் என் கால் நன்றாக இருந்திருக்கும் என்று.

"அனுப்பட்டுமாப்பா?"

முப்பது பேர் அந்த ஷூவைத் தூக்கிப்போட்டுவிட்டு, மறுநாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு வண்டியை எடுப்பார்கள். அவள் சொன்ன கணக்குத்தான். எனக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது.

"அனுப்பாதேம்மா. அந்த ஷூவுல கிண்ணமே இல்லை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வித்தையை, டிராயரை, டாக்டர் சொன்னதை, குப்பைத்தொட்டியை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். நீ கிளம்பின கால் மணி நேரத்தில், போனைக் கையில் எடுத்தேன், பேசவில்லை என்றேன். அதற்கும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கால் உடைஞ்சதுகூடப் போகட்டும்பா. டாக்டரே சொல்ல முடியாதுன்னுட்டார். ஆனா ஆஸ்பத்திரியில நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனே. அதை எப்படிப்பா வாங்கிக்கிட்டீங்க?"

என் மனைவி வாசற்படியில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் போனை எடுத்து, எழுதியதை முழுக்க அழித்தாள். பிறகு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். நிறைய எழுதினாள். இந்தத் தடவை எனக்கு வாசித்துக் காட்டவில்லை.