கலசத்துக்கு முன் கடிதம்

அந்தப் படத்தைப் பார்க்கவே சபை மூப்பருக்கு அருவருப்பாக இருந்தது. ஆலயத்தின் முன்சுவரை அடைத்துத் தொங்கிய துணியில், பைபிளின் கடைசிப் புத்தகம் சொல்லும், உலக முடிவில் கடவுள் ஊற்றும் ஏழு கோபக் கலசங்கள். ஒவ்வொன்றின் கீழும் வாய் பிளந்து விழும் மனிதர்கள். வரைந்து மாட்டியவர் போதகர். போதகர் வேறு யாருமல்ல, மூப்பரின் மூத்த மகன். மூன்று தலைமுறையாகச் சபைக்கு மூப்பர்களைத் தந்த குடும்பம் அது. மகன் மேடை ஏறிய நாளில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இன்றைக்கு அதே மகன் சப்புக்கொட்டிக்கொண்டு பேசினான்.

"முதல் கலசத்தை ஊத்தினா என்ன வரும்? புண்ணு! யாருக்கு? வலது கையில மிருகத்தோட முத்திரை வாங்கினவங்களுக்கு. எங்கேயும் தேட வேண்டாம், கடைசி பெஞ்சைப் பாருங்க."

எல்லாக் கழுத்தும் திரும்பின. அங்கே உட்கார்ந்திருந்தவள் மூப்பரின் தங்கை. ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை. வெளுப்பு மருந்து தின்ற வலது கை வெடித்துச் சீழ் கோத்திருந்தது. மணிக்கட்டில் வேலைக்கான அடையாளப் பட்டை; மகன் முத்திரை என்றது அதைத்தான். 'அடுத்தவன் அழுக்கைத் துவைக்கிறவ என் வாசல்படி ஏறக் கூடாது' என்று பதினொரு வருஷத்துக்கு முன் சொன்னவர் இதே மூப்பர்தான்.

திருவிருந்துக்கான திராட்சரசப் பாத்திரத்தை அவர் கையில் எடுத்ததும் மகன் காதருகே வந்தான்.

"அப்பா, அத்தைக்கு நீட்டாதீங்க. எல்லாரும் வாய் வைக்கிற பாத்திரம். இன்னையோட சபையிலேர்ந்து அவங்க பேரை எடுத்துடலாம்."

"ஏண்டா, வெளுப்பு மருந்து பாட்டில்ல மிருகத்தோட படமா போட்டிருக்கு?"

"தீர்க்கதரிசனத்தைக் கேலி பண்ணாதீங்கப்பா."

"நீ அதை நடுவுல பிரிச்சுப் படிச்சிருக்க. அந்தப் புத்தகத்துல கலசம் வர்றதுக்கு முன்னாடியே ஏழு கடிதம் வருது. ஏழும் ஊருக்கு எழுதினதில்ல, சபைக்கு எழுதினது. சூடும் இல்லாம குளிரும் இல்லாம இருக்கீங்க, வாந்தி பண்ணித் துப்பிடுவேன்னு ஆண்டவர் சொன்னது நம்மளை. தீர்ப்பு நம்ம வீட்டுலதாண்டா ஆரம்பிக்குது."

"மெதுவா பேசுங்க. குடும்ப மானம் போகுது."

"அதைத்தான் நீ மேடையில வச்சுத் துவைச்சுட்டியே!"

நேராகக் கடைசி பெஞ்சுக்கு நடந்தார். தங்கை கையை மடிக்குள் ஒளித்தாள்.

"வேண்டாம்ணா. உங்களுக்குத்தான் சங்கடம்."

"குடிம்மா. அன்னைக்கு வாசல்ல சொன்னதெல்லாம் என் வாய்க்கொழுப்பு."

அவள் குடித்தாள். அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து மூப்பரும் குடித்தார். அடுத்து தையல்காரர். "தொண்டை சரியில்லைங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கலசம் ஒவ்வொன்றுக்கும் அல்லேலூயா போட்ட தொண்டை அது.

மூப்பர் சபையைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"இவ பேரு சபையில இருக்கும். இவளோட இருக்க முடியாதவங்க எழுந்து போகலாம். இருக்கிறவங்க வந்து குடிங்க."

ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவரும் குடிக்க வரவும் இல்லை. மகன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கலசங்களுக்குக் கீழே நின்றான். தங்கையின் சீழைப் பார்த்தபோது வராத குமட்டல் இப்போது மூப்பரின் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.