டேப் ஒட்டாமல்

பல் டாக்டர் அந்தப் பழைய போர் விமானத்தின் குட்டி மாடலை மேசை விளக்குக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டார். இறக்கை ஒட்டியாயிற்று. பச்சையும் பழுப்புமாய்த் திட்டுத்திட்டாகப் பெயின்ட் அடித்துக் காய்ந்தும் ஆயிற்று. விமானி உட்காரும் இடத்துக்கு மேலே வரும் கண்ணாடி மூடி மட்டும்தான் பாக்கி. கட்டைவிரல் நகமளவு பிளாஸ்டிக். அதன் குறுக்கே ஓடும் மெல்லிய சட்டங்களுக்கு மட்டும் பச்சை பூச வேண்டும். நடுவிலுள்ள கண்ணாடியை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் எப்போதும் பூசுவார். இன்று வேண்டுமென்றே டேப்பை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு அம்மாவின் ஈறில் ஊசி போடும்போது வலதுகை நடுங்கிவிட்டது. லேசாகத்தான். அந்த அம்மா கண்ணை இறுக மூடியிருந்ததால் மானம் தப்பியது. வெறும் கையால் நேராகப் பூசிவிட்டால் ஒன்றுமில்லை, எல்லாம் தூக்கக் குறைவுதான் என்று தனக்குத்தானே பந்தயம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் சட்டம் அச்சுப் போட்டதுபோல் வந்தது. அடுத்ததும் வந்தது. "சும்மா பயந்து செத்தேன்" என்று முணுமுணுத்தார். அதற்கடுத்த சட்டத்தில் பிரஷ்ஷின் நுனி துள்ளி, கண்ணாடியின் நடுவே பச்சைக் கோடு ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. பதறிப்போய்ப் பஞ்சைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துத் துடைத்தார். கண்ணாடி முழுக்கப் புகை படிந்ததுபோல் வெளுத்துவிட்டது.

"கூப்பிட்டா காதுலயே விழலையா? டீ ஆறிப்போச்சு." மனைவி உள்ளே வந்து மூடியைப் பார்த்தாள்.

"பெயின்ட் சரியில்ல."

"பெயின்டா?" அவள் எதிரே உட்கார்ந்தாள். "கொஞ்ச நாளா சட்டை பட்டனோட மல்லுக்கட்டுறீங்க. டம்ளரை ரெண்டு கையால பிடிக்கிறீங்க. ஊர்ல இருக்கிறவங்க வாயையெல்லாம் திறக்க வைக்கிறீங்க, உங்க வாய் மட்டும் திறக்க மாட்டேங்குதே!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியல."

அவள் மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கு இந்தக் கையோட ஒருத்தர் வாய்க்குள்ள ஊசியை விடுவீங்களா?"

அவர் போனை எடுத்து, நாளை வருகிறவர்களை எல்லாம் வேறொரு டாக்டரிடம் அனுப்பிவிடும்படி நர்ஸிடம் சொன்னார்.

மறுநாள் அவர்கள் போய்ப் பார்த்த பெரிய டாக்டர் அவரைக் கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. பல் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நெஞ்சு படபடப்பு உண்டா? எடை குறைஞ்சிருக்கா?"

"பேன்ட் இடுப்புல நிக்கவே மாட்டேங்குது, டாக்டர்" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

பெரிய டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

"தைராய்டு கன்னாபின்னான்னு சுரக்குது. நீங்க பயந்த மாதிரி உங்க அப்பாவுக்கு வந்தது இல்ல இது. மாத்திரைக்கு அடங்கிடும். ஆனா நான் சொல்ற வரைக்கும் ஊசியைத் தொடக்கூடாது" என்றார் பெரிய டாக்டர், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்ன?" என்று பதறினாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. இப்பத்தான் கால் நடுங்குது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவரால் இன்னும் சிரிக்க முடியவில்லை.