எண்பத்தொன்று, தொண்ணூற்று மூன்று

என் அண்ணனை இந்தக் கதை முழுக்க 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். என்னைவிட ஆறு வயது மூத்தவன், பல்கலைக்கழகத்தில் கணினித் துறைப் பேராசிரியர், பெற்ற தாயே 'டாக்டர்' என்று கூப்பிடுகிற பிள்ளை. அதெல்லாம் இருக்கட்டும். மரியாதை குறைகிறதே என்று யாருக்காவது தோன்றினால், குறைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் அதே துறையில் கணினிக்கூடத்து ஊழியை. அறுபது கணினிகள், இரண்டு பிரிண்டர்கள், எப்போதும் சிணுங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஏசி ஆகியவை என் பொறுப்பு. மாணவர்களுக்கு நான் 'லேப் அக்கா'. நானும் முதுகலைப் பட்டம் வாங்கியவள் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பா இறந்த வருடம், வீட்டில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்றானது. அண்ணன் முதலில் முடிக்கட்டும், அடுத்து நீ என்றாள் அம்மா. அவன் முடித்துப் பதினோரு வருடமாகிறது. என் முறை மட்டும் எங்கேயோ வழி தவறிப் போய்விட்டது.

எங்கள் துறையில் வருடத்துக்கு ஒரே ஒரு ஆய்வு இடம்தான் முழு உதவித்தொகையோடு வரும். மூன்று வருடம் கட்டணம் இல்லை. மாதாமாதம் குடும்பம் நடத்துகிற அளவுக்குப் பணம் வரும். அது கிடைக்காமல் வேலையை விட்டுவிட்டுப் படிக்க எனக்கு வழியில்லை. அம்மா இருப்பது என்னோடு. அவள் பெருமை இருப்பது அண்ணனோடு. விண்ணப்பிக்க வயது வரம்பு நாற்பது. எனக்கு முப்பத்தொன்பது முடிந்து நான்கு மாதம்.

மூன்று வருடங்களாகத் தேர்வுக் குழுவின் தலைவன் அவன்தான். மூன்று வருடமும் நான் படிவத்தைக் கையில் எடுத்தபோதெல்லாம் ஒரே பாட்டைப் பாடினான். தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று ஊர் பேசும், என் பெயர் கெட்டுப்போகும், அதுவுமில்லாமல் சொந்தக்காரர் விண்ணப்பிக்க விதியே இடம் கொடுக்காது என்றான். நானும் நம்பினேன். அண்ணன் பெயர் கெடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று வருடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

நான்காம் வருடம் ஒரு மாணவனுக்குப் பிரிண்டரில் பக்கம் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுத்தேன். உதவித்தொகை விதிகள், மூன்றாம் பக்கம். கசங்கியதை நீவிவிடும்போது ஏழாம் விதி கண்ணில் பட்டது. குழுவில் இருப்பவரின் உறவினர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். படிவத்தில் உறவைக் குறிப்பிட்டால் போதும். அந்த உறுப்பினர் அந்த வருடத் தேர்விலிருந்து விலகி வெளியே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு முறை படித்தேன். அவன் பெயர் எங்கேயும் கெடாது. நாற்காலிதான் ஒரு வருடத்துக்குக் கைவிட்டுப் போகும். அதை விட மனமில்லாமல் மூன்று வருடம் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். மாணவனுக்கு வேறு தாளில் அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, கசங்கியதை நான் வைத்துக்கொண்டேன்.

படிவத்தில் 'முந்தைய ஆய்வு அனுபவம்' என்று அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். என்னிடம் ஒரு கட்டுரை கிடையாது, ஒரு மாநாடு கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று. அதை எழுதினால் அவன் கதை முடியும். எழுதாவிட்டால் என் கதை முடியும். ஒரு வாரம் யோசித்தேன் என்று சொன்னால் நல்லவளாகத் தெரிவேன். உண்மையில் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் யோசித்தேன்.

அவனுக்கு டாக்டர் பட்டமும் வேலையும் வாங்கிக் கொடுத்தது, கையால் எழுதிய படிவங்களைக் கணினி தானே படிக்கும்படி செய்கிற ஒரு ப்ரோகிராம். அதை வரி வரியாக எழுதியது நான். எல்லாக் கையெழுத்து மாதிரிகளையும் கலந்து கொடுத்துப் பழக்கியபோது நூற்றுக்கு எண்பத்தொன்றுதான் சரியாகப் படித்தது. கடைசி வாரத்தில் நான் வரிசையை மாற்றினேன். தெளிவான கையெழுத்துகளை முதலில் கொடுத்துப் பழக்கி, கிறுக்கல்களைக் கடைசியில் கொடுத்தேன். தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியது. ஓடிப்போய் அவனிடம் சொன்னேன். எண் வந்தால் சரி என்று சொல்லிவிட்டு, மாற்றியது என்ன என்று கேட்காமலே அதை எழுதிக்கொண்டான். ஆய்வேட்டில் பழைய முறையை விளக்கி, புதிய எண்ணைப் போட்டு, முன்னுரையில் 'தட்டச்சு செய்து உதவிய தங்கைக்கு' நன்றியும் சொல்லியிருந்தான். தட்டச்சு. அந்த ஒரு சொல்லைத்தான் பதினோரு வருடமாக நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தேன்.

அவன் எழுதியபடி செய்து பார்த்த யாருக்கும் தொண்ணூற்று மூன்று வரவில்லை. கேட்டு எழுதியவர்களுக்கு, உங்களுக்குப் போதிய திறமை இல்லை என்று பதில் போட்டான். அந்தக் கடிதங்களை என் பிரிண்டரில்தான் அச்செடுத்தான். என் ஆய்வுத் திட்டத்துக்கு நான் தேர்ந்தெடுத்த பொருள், அந்த எண் ஏன் வேறு யாருக்கும் வரவில்லை என்பதுதான்.

உறவு என்ற கட்டத்தில் 'தங்கை' என்று எழுதி, கடைசி நாளில் அலுவலகத்தில் கொடுத்தேன். மறுநாளே அவனை விலகச் சொல்லிக் கடிதம் போய்விட்டது. திட்டத்தைப் பார்க்கிற உரிமையும் அத்தோடு போனது. கூடத்துக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். உன்னிடம் காட்ட என்ன இருக்கிறது, போய் அசிங்கப்பட்டு வா என்றான். நான் ஏசிக்கு வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தேன்.

நேர்காணல் அன்று குழுவில் இரண்டு பேர். அவனுக்குப் பதில் தலைமைக்கு வந்திருந்த மூத்த பேராசிரியை. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஒரு இளம் ஆய்வாளர். நான் மடிக்கணினியைத் திறந்து இரண்டு வரிசைகளையும் ஓட்டிக் காட்டினேன். ஒன்றில் எண்பத்தொன்று, மற்றதில் தொண்ணூற்று மூன்று. இளம் ஆய்வாளர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கமாகவே வந்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் இதோட மல்லுக்கட்டினேன்" என்றார். "எண்பத்தொண்ணைத் தாண்டவே இல்ல. எனக்குத்தான் எதுவும் தெரியலன்னு நினைச்சேன்."

பிறகு அந்த ப்ரோகிராமின் மாற்றக் குறிப்புகளைத் திறந்தேன். எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று அதுவே பதிந்து வைத்திருக்கும். எல்லாவற்றிலும் என் பெயர். ஆய்வேட்டோடு அவனே பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த பிரதி அது. அப்படி ஒரு பதிவு இருப்பது தெரிய வேண்டுமானால், ஒரு நாளாவது அதைத் திறந்து வேலை செய்திருக்க வேண்டும்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இது இந்த ரூமோட நிக்காது. உங்க அண்ணனோட பட்டத்தையே விசாரிக்க வேண்டி வரும். தெரிஞ்சுதான் கொண்டு வந்தீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான் என்றேன்.

மூன்று வாரத்தில் எனக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்த கடிதம் வந்தது. அதே வாரம் அவனுக்கும் ஒன்று வந்தது. ப்ரோகிராம் எப்படி வேலை செய்கிறது, எழுதியவர் யார் என்று பதினைந்து நாளுக்குள் சொந்தக் கையெழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தான். ஆய்வேடு ஒரு கையில், கடிதம் ஒரு கையில். யாரோ வயிற்றெரிச்சலில் கிளப்பிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னான். விளக்கத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்றான். அண்ணனுக்கு இதுகூடச் செய்ய மாட்டாயா என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

"எழுதித் தர மாட்டேன்" என்றேன். "வேணும்னா சொல்லித் தரேன். நீயே எழுது."

அவனுக்கு வேறு வழியில்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்தேன். அம்மாவையும் எதிரே உட்காரச் சொல்லி நாற்காலி போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். இந்த வரி என்ன செய்கிறது, சொல் என்றேன். தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வரி. அதுவும் தெரியவில்லை. குரலை உயர்த்தாமல், அவசரப்படாமல், மனசுக்குள் கொண்டாடிக்கொண்டே ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். அம்மாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் பாடம் படிக்காமல் வந்து முழிக்கிற பிள்ளையின் முகம் தெரியும். நாற்பது நிமிடம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபதாவது வரியில் அவன் பேனாவை வீசினான்.

"எழுதினது நீ. உனக்குத்தான தெரியும், நீயே சொல்லித் தொலையேன்" என்றான்.

சொன்ன பிறகுதான் எதிரே அம்மா இருப்பது அவனுக்கு உறைத்தது. அம்மா கையை நீட்டி அந்தக் கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்தாள். பிறகு அதை அவன் பக்கம் தள்ளினாள்.

"இப்ப சொன்னியே, அதையே எழுதிக் கொடு" என்றாள்.

அவன் குனிந்து மேசைக்கு அடியில் பேனாவைத் தேடினான். அது என் காலடியில்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.