நாற்பது காட்டிய முள்

வண்டியில் ஐந்து பேர் இருந்தோம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி தர்மேந்திரன். அவருக்குப் பக்கத்தில் ஜாசினில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் செபாஸ்டியன். பின்னிருக்கையில் இடது கதவோரம் கையில் மாவுக்கட்டோடு ராமாத்தாள். நடுவில் நிவேந்திரன். வலது ஓரத்தில் நான், கோமளா, தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். இந்தப் பிக்கப்பைத் தினமும் ஓட்டுகிறவன் நிவேந்திரன்தான். அன்று அவனைச் சாவியைத் தொடக்கூட விடவில்லை.

போன மாதம், நியாலாஸ் பக்கமுள்ள எங்கள் தோட்டத்தின் ஆற்று வளைவில், இதே வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து வந்த ராமாத்தாள் தூக்கி எறியப்பட்டுக் கையை முறித்துக்கொண்டார். தோட்டத்துக்குள் நாற்பதுதான் உச்ச வேகம். வளைவுக்கு முன்னால் நட்டிருக்கும், வரும் வண்டியின் வேகத்தை அளக்கும் பலகை நாற்பத்தேழு என்று பதிந்திருந்தது. மீட்டர் நாற்பதுதான் காட்டியது என்று நிவேந்திரன் சொன்னதை நிர்வாகி நம்பவில்லை. இன்றைய தபால் முத்திரையோடு கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்குச் சரியான விளக்கம் போகாவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அந்த வீட்டில் அவன் மனைவி தேவிஸ்ரீ ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள்.

மீட்டர் தப்பு என்றால் நிரூபித்துக் காட்டுங்கள் என்றார் நிர்வாகி. சாட்சிக்குக் கிராணியை அனுப்பினார்.

முறை எளிது. தோட்டத்துக்கு வெளியே பெருஞ்சாலையில், மீட்டர் முள்ளை அறுபதிலேயே நிறுத்தி ஓட்ட வேண்டும். மீட்டர் சரியாக இருந்தால் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஒரு நிமிடம் ஆகும். கல்லைப் பார்த்துச் சொல்வது ராமாத்தாள், முள்ளைக் கவனிப்பது நிவேந்திரன், நேரம் என்னுடையது.

முதல் ஓட்டம் பாதியில் கெட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று குறுக்கே நுழைய, தர்மேந்திரன் பிரேக்கை மிதித்தார்.

"போதும்லா. நாலு மணிக்கு மேல தபாலாபீஸ்ல கவுண்டர் அடைச்சிடுவான்," என்றார்.

"உங்க வீடா போவப் போவுது கிராணி?" என்றார் ராமாத்தாள். "திருப்புங்க வண்டிய."

திருப்பினார். மறுபடி அறுபது. நிவேந்திரன் முன்னால் சாய்ந்து முள்ளின் மேலேயே கண்ணை வைத்திருந்தான்.

"கல்லு," என்றார் ராமாத்தாள். நான் கைபேசியை அழுத்தினேன்.

"அறுபது... அறுபது..." என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு வந்தான் நிவேந்திரன்.

"கல்லு."

ஐம்பத்தொரு வினாடி. திரும்பி வரும்போதும் அதேதான். முள் அறுபதில் நிற்கும்போது வண்டி எழுபதில் ஓடுகிறது. அப்படியென்றால் நாற்பது காட்டும்போது நாற்பத்தேழு.

நிவேந்திரன் முகத்தைப் பொத்திக்கொண்டான். தர்மேந்திரன் வண்டியை ஓரங்கட்டினார். ஆனால் அவர் பின்னால் திரும்பவில்லை. செபாஸ்டியனைத்தான் பார்த்தார்.

"பின் சக்கரத்து எக்சல் மாத்தினது நீங்கதானே?"

"நான்தான். உடைஞ்ச மாதிரியே கிடைக்கல, பழைய வண்டிய வெட்டி விக்கிற ஹாஃப்-கட் கடையில வேற எக்சல் வாங்கிப் போட்டேன். அது பல்லுக் கணக்கு வேற. முன்னாடி கியர்பாக்ஸ் நாலரை சுத்து சுத்துனாதான் சக்கரம் ஒரு சுத்து. இப்ப நாலுகூட வேணாம். மீட்டருக்குச் சக்கரம் தெரியாதுப்பா, கியர்பாக்ஸ்தான் தெரியும். அது பழைய கணக்கையே காட்டிக்கிட்டு இருக்கும்."

"தெரிஞ்சும் சொல்லாம விட்டீங்களா?"

"யாரு சொல்லல?" செபாஸ்டியன் மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டினார். "முப்பத்துநாலுல சிவப்பு பெயிண்ட்ல கோடு போட்டு, 'தோட்டத்துக்குள்ள இதத் தாண்டாத'ன்னு திலீப்புகிட்ட சொன்னேன். அப்ப அவன்தானே டிரைவர். கோடு எங்க இப்ப?"

திலீப் சிம்பாங் அம்பாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டான். அவனுக்குப் பின் வண்டியை எடுத்தவன் நிவேந்திரன். எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

"அது கோடா?" என்றான். "ஆயுத பூசைக்கு வண்டிய கழுவுனேன். கண்ணாடியில ஏதோ நெயில் பாலிஷ் கறைன்னு நெனச்சேன் அங்கிள். தின்னர் வச்சுத் தேச்சேன். போவமாட்டேன்னுச்சு, நகத்தால சுரண்டி எடுத்தேன். சந்தனம் வைக்கணும்ல."

"நல்லா வச்ச சந்தனம்," என்றார் ராமாத்தாள், கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்திக்கொண்டு.

தர்மேந்திரன் பெருமூச்சு விட்டார். "அப்ப விளக்கத்தில எழுதிருங்க கோமளா அக்கா. பட்டறைக்காரர் அடையாளம் போட்டார், டிரைவர் அழிச்சிட்டார். முடிஞ்சுது."

"முடியல," என்றார் செபாஸ்டியன். மெதுவாகத்தான் சொன்னார். "கோடு போடுறது வேலை இல்ல தம்பி. மீட்டர் கேபிள் முனையில ஒரு சின்ன பல்சக்கரம் இருக்கு, அத மாத்தணும். அப்பத்தான் கணக்கு சரியாவும். அதுக்கு ஆர்டர் கேட்டு ஆபீசுக்குப் போன் பண்ணேன். தோட்டத்துக்குள்ள ஓடுற வண்டிக்கு அதெல்லாம் எதுக்குன்னு பதில் வந்துச்சு."

"யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

செபாஸ்டியன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். தர்மேந்திரனின் காது மடல் சிவந்துவிட்டது.

அவர் வண்டியைக் கிளப்பி, தபால் நிலையம் இருக்கும் பெம்பானுக்கு ஓட்டினார்.

தபால் நிலையத்துக்கு வெளியே, வண்டியின் முன்மூடியில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தேன். சூடு உள்ளங்கையில் ஏறியது. நிவேந்திரன் என் தோளருகே வந்து நின்றான்.

"அக்கா, நான் துடைச்சத எழுதாதீங்க. அதையே பிடிச்சுக்குவாங்க."

மறுபக்கம் தர்மேந்திரன். "என் பேரு வேணாம் அக்கா. 'அலுவலகம்'னு போட்டுருங்க. இன்னும் என்னை நிரந்தரம் ஆக்கல."

"ஆபீசு எந்திரிச்சு வந்து போன் எடுக்குமா தம்பி?" என்றேன். "இவன் துடைச்சத விட்டா உங்கள விடணும். உங்கள விட்டா செபாஸ்டியன் அண்ணன்தான் தலையக் குடுக்கணும். அவர் நாளைக்கே இன்னொரு கடிதம் எழுதுவாரு. அப்ப இவன் பொய்க்காரன். வீடு நிக்குமா?"

நிவேந்திரன் தரையைப் பார்த்தான். "எழுதுங்க," என்றான்.

நடந்த வரிசையிலேயே எழுதினேன். கிராணி பல்சக்கரத்தை வேண்டாம் என்றது, செபாஸ்டியன் கோடு போட்டது, திலீப் சொல்லாமல் போனது, நிவேந்திரன் துடைத்தது, இன்றைய ஓட்டம். வாசித்துக் காட்டினேன்.

"அவன் துடைச்சத முதல்ல போடுங்க," என்றார் தர்மேந்திரன்.

"உங்க பேச்சுதான் முதல்ல நடந்துச்சு."

உள்ளே கவுண்டர் பெண் விளக்கை அணைக்க ஆரம்பித்தாள். சாட்சி என்ற சொல்லுக்குக் கீழே இடம் வெறுமையாக இருந்தது. அந்தக் கையெழுத்து இல்லாமல் தாள் எங்கள் சொந்தக் கதையாகத்தான் நிற்கும். தர்மேந்திரன் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார், மூடினார்.

ராமாத்தாள் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "விழுந்தவ நான். எனக்கு யார் மேலயும் கோவம் வரல கிராணி. இந்தத் தாள மடிச்சுப் பையில வச்சீங்கன்னா வரும்."

தர்மேந்திரன் குனிந்தார். தன் பெயரை முழுதாக எழுதி, அதன் கீழே, 'பல்சக்கரம் வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னது நான். அதற்கு யாருடைய அனுமதியும் கேட்கவில்லை' என்று தானாகவே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

நிவேந்திரன் உள்ளே ஓடி, அடைக்கப்போன கவுண்டர் பலகையில் கையை வைத்து, "கேஜாப் லா கக்காக்," என்று மலாயில் ஒரு நிமிடம் கேட்டுக் கெஞ்சினான். நான் தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, இருமுறை அழுத்தித் தடவினேன். அந்தப் பெண் முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள்.